சவுதியா, ஜெர்மனியா? குமரி நர்ஸுகளுக்கு

வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்க சவுதிதான். சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. நர்ஸ் உரிமத்துக்கான புரோமெட்ரிக் தேர்வும் டேட்டாஃப்ளோ சான்றிதழ் சரிபார்ப்பும் தாண்ட வேண்டும். மாட்டுவது பெயரில்: மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இது சர்வசாதாரணம். விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்யுங்கள். வேலை பார்த்த ஆஸ்பத்திரி மூடிப்போயிருந்தால் அனுபவத்தை உறுதிசெய்ய ஆளிருக்காது. ஃபைல் அப்படியே நிற்கும்.

ஜெர்மனிக்கு மொழிதான் மலை. முழு நர்ஸாக அங்கீகாரம் பெற பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலை கேட்பார்கள். பாடத்திட்ட வித்தியாசத்துக்குத் தனியாகப் பயிற்சியோ தேர்வோ உண்டு. அதுவரை பெரும்பாலும் உதவியாளர் சம்பளம்தான். அதிலும் வரி, காப்பீட்டுப் பிடித்தம் உறைக்கும். ஆனால் அங்கீகாரத்துக்குப் பின் 3 ஆண்டு வேலை பார்த்து, ஓய்வூதியச் சந்தாவும் கட்டியிருந்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். சவுதியின் தங்கும் அனுமதியான இகாமாவோ வேலையோடு கட்டிய கயிறு.