ஜாஸ் வார இறுதி: பத்து பெரிங்கியா, ஜார்ஜ்டவுனா?

மலேசியாவில் 2004இல் தொடங்கிய பினாங்குத் தீவு ஜாஸ் விழாவைப் போல மேடை பத்து பெரிங்கிக் கடற்கரையில் அமையும்போது, அங்கேயே தங்குவதா, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் தங்குவதா என்பதில் ரசிகர் குழுக்கள் இரண்டுபடுவது வழக்கம்.

செலவு: பெரிங்கியின் கடற்கரை விடுதிகளில் வார இறுதிக் கட்டணம் கூடும்; ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் இயங்கும் எளிய விடுதிகளில் நால்வர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளலாம்.

போக்குவரத்து: பெரிங்கியில் தங்கினால், கடைசி வாசிப்பு முடிந்து, சாக்சபோன்காரரைப் பற்றிய வாக்குவாதத்தைத் தொடர்ந்தபடியே அறைக்கு நடந்துவிடலாம். ஜார்ஜ்டவுனுக்கு 101ஆம் எண் பேருந்து உண்டென்றாலும், நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் அதை நம்பியிருக்க இயலாது. கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் கிராப் செயலியில் வாடகைக் கார் தேடும்போது, கடலோர வளைவுச் சாலையில் காத்திருப்பு நீளும்.

சாப்பாடு: ஜார்ஜ்டவுன்தான், சந்தேகமில்லை. லிட்டில் இந்தியாவில் காலைத் தோசை, பினாங்கு ரோட்டில் பல குழம்புகள் ஊற்றிய சோறான நாசி கண்டார்.

இரண்டு இரவும் இறுதிவரை கேட்க விரும்புவோருக்குப் பெரிங்கியே ஏற்றது. ஓரிரவு இசையும் மறுநாள் ஊர்சுற்றலும் போதும் என்போர் ஜார்ஜ்டவுனில் தங்கலாம்.