திருச்செந்தூரும் ராதாபுரமும்: ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுவது எந்தத் தொகுதி?

2016 மே 19, வாக்கு எண்ணிக்கை நாள். திருச்செந்தூரில் தி.மு.க.வின் அனிதா ஆர். ராதாகிருஷ்ணன் நடிகர் சரத்குமாரை 26,001 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அதே கடற்கரைச் சாலையில் மணப்பாடு தாண்டித் தெற்கே போனால் வருவது ராதாபுரம். அங்கே அதே கட்சியின் அப்பாவு 49 ஓட்டில் தோற்றுப்போனார். ஒரே கட்சி, ஒரே கூட்டணி, ஒரே கடல் காற்று.

இந்தப் பக்கம் தேர்தல் பேச்சு எடுத்தாலே யாராவது ஒரு அண்ணாச்சி, 'இங்க கட்சியெல்லாம் அப்புறம், ஆள் யாருன்னுதான் பாப்பாவ' என்று ஆரம்பிப்பார். அதற்குச் சாட்சியாக இந்த இரண்டு தொகுதிகளைத்தான் சொல்வார்கள். சரி, எது நிஜமாகவே அப்படி? 1996 முதல் 2021 வரையிலான கால் நூற்றாண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் திருச்செந்தூர். முருகன் கோயில், காயல்பட்டினம் முஸ்லிம்கள், மணப்பாட்டிலும் ஆலந்தலையிலும் கத்தோலிக்கப் பரதவர்கள், உடன்குடி கருப்பட்டி, நாடார் ஊர்கள் எல்லாம் கலந்த தொகுதி. இதன் அரசியல் கதையில் பொதுத்தேர்தல்களைவிட இடைவேளைகள்தான் சுவாரசியம். 1980-ல் கோயிலின் சரிபார்ப்பு அதிகாரி சுப்பிரமணிய பிள்ளை மர்மமாக இறந்தார். அதை விசாரித்த நீதிபதி பால் கமிஷன், கோயிலின் வைரவேல் விவகாரம் என்று அது பெரிதாக, 1982 பிப்ரவரியில் கருணாநிதி நீதி கேட்டு மதுரையிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தே வந்தார். அவ்வளவு தூரம் நடந்தும் 1983-ல் வந்த இடைத்தேர்தலில் தொகுதி அ.தி.மு.க.விடமே நின்றது. அந்தக் கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளரான கையோடு ஜெயலலிதா பிரசாரத்துக்கு இறங்கியதும் அந்த இடைத்தேர்தலில்தான். 1989-ல் தி.மு.க. சார்பில் ஜெயித்தவர் தினகரன் நாளிதழைத் தொடங்கிய கே.பி. கந்தசாமி. அவருக்குக் கிடைத்தது அறநிலையத் துறை. கோயிலை வைத்துச் சண்டை நடந்த ஊருக்குக் கோயில் துறையே வந்து சேர்ந்தது.

1996-ல் ஜெயலலிதா எதிர்ப்பு அலையில் தி.மு.க.வின் ஜெனிபர் சந்திரன் ஜெயித்து மீன்வளத் துறை அமைச்சரானார். 2001-ல் அ.தி.மு.க. வேட்பாளராக அனிதா ராதாகிருஷ்ணன் வந்தார். அதற்குப் பிறகு 2021 வரை திருச்செந்தூர் வேறு ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பவே இல்லை. 2001, 2006 இரட்டை இலை. 2009-ல் கட்சி மாறிப் பதவி விலகி, அதே டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் உதயசூரியன். பிறகு 2011, 2016, 2021. ஐந்து பொதுத்தேர்தல், ஒரு இடைத்தேர்தல், ஒரு தோல்விகூடக் கிடையாது.

மேலோட்டமாகப் பார்த்தால் இதோடு பஞ்சாயத்து முடிந்தது. சின்னத்தை மாற்றினாலும் ஆள் ஜெயிக்கிறார், வேறென்ன வேண்டும்? 2009 இடைத்தேர்தல் வித்தியாசம் 46,861 ஓட்டு. ஆனால் அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அது ஆளுங்கட்சி நடத்திய இடைத்தேர்தல். 'திருமங்கலம் பார்முலா', அதாவது ஓட்டுக்குப் பணம் கொடுத்து ஜெயிப்பது, என்ற சொல் அதே வருடம் பிறந்து சூடு ஆறாமல் இருந்த நேரம். தென் மாவட்டப் பொறுப்பு கருணாநிதியின் மகன் அழகிரி கையில் இருந்தது. அந்த வருடம் தி.மு.க. யாரை நிறுத்தியிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனக்குப் பெரிதாகப் படுவது 2011-ன் 640 ஓட்டு. அந்த வருடம் தி.மு.க. தமிழ்நாடு முழுக்கச் சேர்த்தே 23 இடத்தில்தான் ஜெயித்தது. அதில் ஒன்று திருச்செந்தூர். அ.தி.மு.க.வின் பி.ஆர். மனோகரனைவிட 640 ஓட்டு கூடுதல், அவ்வளவுதான். ஆளுக்கு விழுந்த ஓட்டின் கனத்தைப் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் பார்க்க வேண்டும். காற்று எதிரே அடிக்கும்போதுதான் பாய்மரத்தின் தரம் தெரியும். 2006-ம் அந்த வகைதான். அ.தி.மு.க. ஆட்சியை இழந்தது, திருச்செந்தூர் மட்டும் அனிதா ராதாகிருஷ்ணனை விடவில்லை.

இனி ராதாபுரம். வள்ளியூர், பணகுடி, திசையன்விளை என்று உள்ளே கொஞ்சம், உவரி, கூத்தங்குளி, இடிந்தகரை, கூடங்குளம் என்று கரையில் கொஞ்சம். இங்கே அப்பாவு 1996-ல் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் சைக்கிள் சின்னத்தில் ஜெயித்தார். 2001-ல் கட்சியே இல்லை, சுயேச்சை. மறுபடியும் ஜெயித்தார். 2006-ல் தி.மு.க. சார்பில் நின்று மூன்றாவது முறையும் ஜெயித்தார்.

அந்த 2001-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். தமிழ்நாட்டில் சுயேச்சையாகப் பொதுத்தேர்தலில் ஜெயிப்பது என்பது எவ்வளவு அபூர்வம்! அந்த வருடம் அப்படி உள்ளே போனவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். கொடி கட்ட ஆள் கிடையாது, மக்களுக்குப் பழகிய சின்னம் கிடையாது, மேலிருந்து தலைவர் யாரும் வேனில் வந்து கும்பிடப்போவதும் இல்லை. அனிதா ராதாகிருஷ்ணன் கட்சி மாறினாலும் அவருக்கு முன்னால் எப்போதும் ஒரு பெரிய சின்னம் இருந்தது. அப்பாவு சும்மா நின்றே ஜெயித்தவர்.

அப்படியானால் ராதாபுரத்துக்கு ஏன் அந்த நீண்ட வரிசை அமையவில்லை? காரணம் வாக்காளரிடம் இல்லை, சென்னையில் நடந்த தொகுதிப் பங்கீட்டில் இருக்கிறது. 2011-ல் தி.மு.க. ராதாபுரத்தைக் காங்கிரசுக்குக் கொடுத்தது. அப்பாவு களத்திலேயே இல்லை. எதிர்ப்பக்கம் அ.தி.மு.க.வும் தொகுதியைத் தன் கூட்டாளி தே.மு.தி.க.வுக்குத்தான் விட்டிருந்தது. ஜெயித்தது முரசு, ஆள் சினிமாத் தயாரிப்பாளர் மைக்கேல் ராயப்பன். அடுத்த வருடமே அவர் ஜெயலலிதாவைச் சந்தித்த தே.மு.தி.க. அதிருப்தியாளர்களில் ஒருவரானார். ஆளைப் பார்த்து ஓட்டுப் போடும் தொகுதி என்றால், ஆளை நிறுத்தினால்தானே போடுவார்கள். திருச்செந்தூரில் தி.மு.க. 1996-லிருந்து 2021 வரை தொகுதியை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. என் கணக்கில் இரண்டு தொகுதிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். சாதிக் கணக்கு, மதக் கணக்கு எல்லாம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

2016-க்கு வருவோம். அ.தி.மு.க.வின் வழக்கறிஞர் இன்பதுரை 69,590, அப்பாவு 69,541. கதை 49-ல் முடிந்திருக்க வேண்டியது, 203-ல் தொடர்ந்தது. தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்கள் அப்போது தபாலில் ஓட்டுப் போடுவார்கள். வாக்குச்சீட்டைச் சின்ன உறையில் போட்டு ஒட்டி, கூடவே 13-ஏ என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு, இரண்டையும் பெரிய உறையில் வைக்க வேண்டும். அந்தப் படிவத்தில் கெஜட்டட் அதிகாரி ஒருவர் சான்றொப்பம் இட வேண்டும். அது சரியில்லை என்றால் உள்ளே இருக்கும் சின்ன உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். ராதாபுரத்தில் 203 படிவங்களில் சான்றொப்பம் போட்டிருந்தவர்கள் நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அவர்கள் கெஜட்டட் அதிகாரிகள் இல்லை என்று சொல்லி 203-ஐயும் தள்ளிவிட்டார்கள். வித்தியாசமோ 49.

எங்கள் உறவில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ராதாபுரம் தொகுதிக்காரர் இல்லை, ஆனாலும் இந்த வழக்கு அவருக்குத் தனிப்பட்ட அவமானம் மாதிரி. 'முப்பது வருசமா நான் பச்சை மையில கையெழுத்துப் போட்டா பேங்க்ல செல்லும், காலேஜ்ல செல்லும். ஓட்டுப் பெட்டியில மட்டும் செல்லாதோ?' என்பார். சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம்தான் நின்றது. அந்தத் தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பம் இடலாம் என்று சொல்லி, 203 தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-ஆம் சுற்று இயந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ண 2019 அக்டோபர் 1-ல் உத்தரவிட்டது. 4-ஆம் தேதி உயர்நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அன்றே உச்சநீதிமன்றம் முடிவை வெளியிடத் தடை போட்டது. எண்ணியாயிற்று, சொல்லக் கூடாது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடியும்வரை யார் ஜெயித்தார்கள் என்பது உறைக்குள்ளேயே இருந்தது. 2021-ல் அதே இருவரும் மறுபடி மோதி, அப்பாவு ஜெயித்தார்.

கடற்கரை ஊர்களை விட்டுவிட்டு இந்தக் கணக்கு முழுமையாகாது. கூடங்குளம் போராட்டம் ராதாபுரம் தொகுதிக்குள் வெடித்தது. 2012 மார்ச் 18 சங்கரன்கோவில் இடைத்தேர்தல் முடிந்த மறுநாளே அணுஉலைக்கு அமைச்சரவை பச்சைக்கொடி காட்டியதை இடிந்தகரைக்காரர்கள் மறக்கவில்லை. 2012 செப்டம்பர் 10-ல் இடிந்தகரைக் கடற்கரையில் கண்ணீர்ப்புகை. அன்றே மணப்பாட்டில் துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். மணப்பாடு திருச்செந்தூர் தொகுதி. ஆக, போராட்டம் ஒரு தொகுதியில், உயிர்ப்பலி மற்றொன்றில். ஆனால் இவ்வளவு பெரிய விஷயம் ஓட்டுப் பெட்டியில் என்ன செய்தது? 2016-ல் போராட்டத்தை முன்னின்று நடத்திய சுப. உதயகுமாரே ராதாபுரத்தில் நின்றார். அவருக்கு ஐயாயிரத்தைத் தொடும் ஓட்டுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் 49-ல் தீர்மானமான தேர்தலில் அந்தச் சில ஆயிரம் எங்கிருந்து போனது என்பதை வைத்து இன்றைக்கும் டீக்கடையில் சண்டை போடலாம்.

திருச்செந்தூர்ப் பக்கமும் இப்போது அதன் பங்குக்கு ஒரு பெரிய திட்டம் வந்திருக்கிறது, குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டு விழாவுக்கு அனிதா ராதாகிருஷ்ணன் பெயரில் வந்த பத்திரிகை விளம்பரத்தில் ராக்கெட்டில் சீனக் கொடி இருந்து பெரிய ரகளை ஆனது. வடிவமைத்தவரின் தவறு என்றார்கள். தசரா கூட்டத்துக்குப் பிறகு குலசை அவ்வளவு பேசப்பட்டது அப்போதுதான்.

சரி, என் தீர்ப்பு: ஆளைப் பார்த்து ஓட்டுப் போடும் தொகுதி என்ற பட்டம் ராதாபுரத்துக்கு. சின்னமே இல்லாமல் ஒருவரை அனுப்பிய ஊர் அது. திருச்செந்தூருக்கு வேறு பெருமை, அது பிடித்த ஆளை விடாத தொகுதி. இரண்டும் ஒன்றில்லை.

பலனைக் கேட்டால் கதை வேறு. 2021 தேர்தலுக்குப் பிறகு திருச்செந்தூருக்கு மீன்வளத் துறை அமைச்சர் கிடைத்தார், ராதாபுரத்துக்குச் சபாநாயகர். உவரியில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம், கரையைக் காக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு பற்றிக் கேட்டேன். கடல் அரிக்கும் இந்த ஊர்களில் தேர்தலுக்குத் தேர்தல் முதல் கோரிக்கை அதுதான். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: 'அந்தப் பக்கத்து ஆளு எந்திரிச்சுப் பேசலாம் அண்ணாச்சி. நம்ம ஆளு மத்தவங்களைப் பேசச் சொல்லத்தான் முடியும்.'