பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: டிரம்மிலிருந்து ஆயில் ஊற்ற விடாதீர்கள்

நேற்று சாயங்காலம் என் காரின் ஆயில் சம்ப்பை, அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை, கழற்றினார்கள். உள்ளே இருந்த சல்லடையை மெக்கானிக் என் கையில் கொடுத்தார். ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை, தார் அப்பியது போலக் கறுப்பாக அடைத்துக் கிடந்தது. இன்ஜினைச் சரிசெய்ய ஆகும் செலவு என்னுடைய இரண்டு மாதச் சம்பளம். ஒரே ஒரு ஆயில் மாற்றியதற்கு இரண்டு மாதச் சம்பளம்! கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இதைப் படித்து ஒருவர் தப்பினாலும் போதும். பழைய வண்டிக்கு ஆயில் எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வண்டிக்கு வயது 16, ஓடியது 1,90,000 கிலோமீட்டர். அப்பா ஓட்டிய வண்டி. கொஞ்ச நாளாக ஆயில் குறைந்துகொண்டே வந்தது, ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் லேசாக நீலப் புகை வரும், அப்புறம் நின்றுவிடும். பெட்ரோல் எரியும் இடத்துக்குள் ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் காய்ந்து இறுகிப்போனால் இப்படி வரும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் அந்த வாரம் இல்லை. அதனால் ஆயில் மட்டும் மாற்றித் தருகிற ஒரு கடைக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி, ஒரு சொட்டு ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க சார், இன்னும் ஒரு லட்சம் தாராளமா ஓடும்" என்றார். அப்பாவின் வண்டியை ஒருவர் அப்படிச் சொன்னதும் எனக்கு மனசு இளகிவிட்டது. கையேட்டில் ஆயிலின் கெட்டித்தன்மைக்கு 5டபிள்யூ-30 என்ற கிரேடு போட்டிருக்கிறதே என்று கேட்டேன். "அது புது வண்டிக்கு சார். லட்சத்தைத் தாண்டிட்டா கெட்டியாத்தான் ஊத்தணும். முதல்ல பிளஷ் போட்டு உள்ள இருக்கிற அழுக்கையெல்லாம் எடுத்துடறேன், என் சொந்த வண்டிக்கும் இதைத்தான் செய்யறேன்" என்றார். பிளஷ் என்பது இன்ஜினின் உள்ளே கழுவ ஊற்றுகிற திரவம். சரி என்றேன். ஆயில் ஒரு ஜக்கில் வந்தது. கேன் எங்கே என்று கேட்டதற்கு, "டிரம்ல வாங்கறோம் சார், அதே சரக்குதான்" என்று பதில் வந்தது. அதற்குமேல் நான் கேட்கவில்லை. இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவரைச் சந்தேகப்படுவதா என்று பேசாமல் நின்றேன். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

முதல் சில நாள் இன்ஜின் சத்தம் குறைந்தது உண்மைதான். கெட்டியான ஆயில் சத்தத்தை அமுக்கிவிடும், அவ்வளவுதான். பத்தாம் நாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே டக் டக் என்று தட்டும் சத்தம். கடைக்குப் போனால், புது ஆயில் செட் ஆகக் கொஞ்ச நாள் எடுக்கும் என்றார்கள். ஆயில் செட் ஆவது என்று ஒன்றுமே கிடையாது! அதற்கு மறுவாரம், சிக்னலில் நிற்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு மின்னியது. அது சென்சார் கோளாறு, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள் என்றார்கள். மூன்றாவது முறை, முதலாளி இல்லை. நான்காவது முறை அதே ஆள், அதே வாயால், "16 வருஷ வண்டி சார், நாங்க தொடலேன்னாலும் இது நடந்திருக்கும்" என்கிறார். இன்னும் ஒரு லட்சம் ஓடும் என்று சொன்னது யார்? பில்லை எடுத்துப் பார்த்தால் ஆயில், பிளஷ், கூலி என்று மூன்று வார்த்தை. பிராண்டும் இல்லை, கிரேடும் இல்லை. என் இன்ஜினுக்குள் என்ன ஊற்றினார்கள் என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. இரண்டு மாதச் சம்பளம் போன பிறகும் தெரியாது.

மெக்கானிக் சொன்னது இதுதான். வருஷக்கணக்கில் உள்ளே படிந்த கசடு ஒரு ஓரமாகக் கிடந்தது. பிளஷ் அதைக் கட்டி கட்டியாகப் பெயர்த்துக் கீழே தள்ளிவிட்டது. பம்ப் ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் போய் அது அடைத்துக்கொண்டது. பாதி அடைத்த சல்லடை வழியாகக் கெட்டியான ஆயில் இன்னும் சிரமப்பட்டுத்தான் ஏறும். மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் ஆயில் போதவில்லை, தேய்ந்துவிட்டது. பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில் என்பது முழுப் பொய் இல்லை. சில வண்டிகளின் கையேட்டிலேயே வெப்பநிலைக்குத் தகுந்த மாதிரி இரண்டு மூன்று கிரேடு கொடுத்திருப்பார்கள், அதற்குள் ஒரு படி ஏறலாம். கையேட்டையே தூக்கிப் போட்டுவிட்டுக் கண்டதை ஊற்றுவது வேறு. என் வண்டிக்குத் தேவைப்பட்டது அதே 5டபிள்யூ-30 கிரேடில் ஹை மைலேஜ் என்று போட்டு வருகிற ஆயில். ஏறக்குறைய 1,20,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டிகளுக்கென்று செய்வது அது. இறுகிய சீலைக் கொஞ்சம் இளக்கும் சேர்மானம் அதில் இருக்கும். தேய்ந்த பிஸ்டன் ரிங்கை அது சரிசெய்யாது, ஆனால் என் வண்டிக்கு இருந்த சின்னக் கசிவுக்கு அதைத்தான் முதலில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

விரிவாக எழுதப் பொறுமை இல்லை, அவசரமாகச் சில விஷயம் மட்டும். சீல் உடைக்காத கேனை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், காலி கேனைக் கையோடு எடுத்து வாருங்கள். பில்லில் கிரேடு எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள். பெட்ரோல் வண்டி என்றால் கேனின் பின்பக்கம் ஏபிஐ (API, அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) தர எழுத்தைப் பாருங்கள். எஸ்பி (SP) 2020-இல் வந்தது, பழைய பெட்ரோல் வண்டிகளுக்கும் அதைப் போடலாம். எஸ்ஏ (SA) என்று இருந்தால் தொடாதீர்கள், 1930-க்குப் பின் வந்த பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு அது ஆகாது என்று ஏபிஐயே சொல்கிறது. பழைய வண்டிக்குப் பழைய ரக ஆயில் என்று யாராவது அதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். உள்ளே என்ன கசடு இருக்கிறது என்று தெரியாத வண்டிக்கு பிளஷ் வேண்டவே வேண்டாம், நல்ல ஆயிலைப் போட்டுக் கொஞ்சம் சீக்கிரம் சீக்கிரம் மாற்றுங்கள்.

அந்தச் சிவப்பு விளக்கு மின்னினால் யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள், அங்கேயே வண்டியை அணைத்துவிடுங்கள். முதல் முறை மின்னியபோதே நிறுத்தியிருந்தால் சம்ப்பைக் கழுவியதோடு முடிந்திருக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். சென்சார் என்று அவர்கள் சொன்னதை நம்பி நான் இன்னும் நான்கு நாள் ஓட்டினேன்.