பத்து நாள் முகாமா, ஏற்காட்டில் மூன்று நாளா?

சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறிகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு மின்வெட்டு வரும்போதுதான் அமைதி என்றால் என்னவென்று தெரியும். தறி நின்றதும் காதுக்குள் ஓர் இரைச்சல் மிஞ்சும். அது அடங்குவதற்குள் மின்சாரம் வந்துவிடும். அந்த இரைச்சலும் அடங்கிய பிறகு என்ன இருக்கும் என்று பார்க்கும் ஆசையில்தான் மௌன முகாமைத் தேடிப் போனேன். சென்னைக்கு வெளியே திருநீர்மலைப் பக்கம் உள்ள தம்ம சேது தியான மையத்தில் பத்து நாள் விபாசனா முகாம். அடுத்த ஆண்டு ஏற்காட்டில் தனியாக அறை எடுத்து மூன்று நாள் மௌனம். முதல்முறை போகிறவர்களுக்கு எது நல்லது என்று சேலத்து நண்பர்கள் கேட்கிறார்கள். மூன்று நாள் எளிது, பத்து நாள் கடினம் என்று எல்லோரும் முன்கூட்டியே முடிவு கட்டியிருக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது.

விபாசனா, பர்மாவில் சயாஜி ஊ பா கின்னிடம் பயின்ற எஸ்.என். கோயங்கா 1969-இல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கிய தியான முறை. எந்த ஊர் மையத்துக்குப் போனாலும் அட்டவணை ஒன்றுதான். விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும், 4.30-க்கு உட்கார வேண்டும். 11 மணிக்கு மதியச் சாப்பாடு. மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும் கிடைக்கும். அதோடு அன்றைய ஆகாரம் முடிந்தது. நாளுக்குச் சுமார் 10 மணி நேரம் தியானம். கைபேசி, புத்தகம், பேனா எல்லாவற்றையும் முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். பேச்சோடு கண்ஜாடையும் சைகையும்கூடக் கூடாது. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம், மேலாளரிடம் தேவையைச் சொல்லலாம், அவ்வளவுதான்.

முதல் மூன்று நாட்கள் மூச்சு வந்து போவதை மட்டும் கவனிக்கும் ஆனாபானா. நான்காம் நாள்தான் உடல் முழுவதும் எழும் உணர்ச்சிகளைக் கவனிக்கும் விபாசனா தொடங்கும். அப்போதிருந்து தினம் மூன்று வேளை, ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கை, கால் அசைக்காமல் உட்கார வேண்டும். இதை அதிட்டானம் என்கிறார்கள். ஐந்தாம் நாள் பிற்பகல் அமர்வு எனக்கு இன்றும் உடம்பில் இருக்கிறது. இருபது நிமிடத்தில் இடது முட்டி எரியத் தொடங்கியது. காலை மாற்றிவிடலாம் என்று தோன்றிய ஒவ்வொரு முறையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரின் சீரான மூச்சு கேட்டது. வலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே கட்டியாக இருந்த வலி மெல்லப் பிரிந்தது. ஒரு துடிப்பு, ஒரு சூடு, ஒரு குத்தல், நடுவே ஒன்றுமில்லாத இடைவெளி. நேரம் முடியப் போவதைச் சொல்லும் ஓதல் ஒலிபெருக்கியில் எழுந்தபோது, வலி இருந்தது, அதன் மீதிருந்த பயம் இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மற்ற நாட்களின் சிரமத்தை மறுபடியும் படலாம் என்று நினைக்கிறேன்.

இனி ஏற்காடு. சேலத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணம், 20 கொண்டை ஊசி வளைவு, சுமார் 1,500 மீட்டர் உயரம். விடுதிப் பையனிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: ‘மூன்று நாள் பேசமாட்டேன். காலை 7 மணிக்கு இட்லி, 12 மணிக்குச் சாப்பாடு.’ அவன் அதை இரண்டு முறை படித்தான். அதன் பிறகு அவனும் என்னிடம் பேசவில்லை. தட்டைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, ‘சாம்பார் வேண்டுமா’ என்று விரலைச் சுழற்றிக் கேட்பான். விபாசனாவில் அந்தச் சைகைக்கும் இடமில்லை. ஆனால் ஓர் இளைஞன் இன்னொருவரின் மௌனத்தை இப்படிக் காத்து நின்றதை நான் மறக்க மாட்டேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஏற்காட்டில் எல்லாவற்றையும் நானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. எத்தனை மணிக்கு எழுவது? எவ்வளவு நேரம் உட்காருவது? மணி பார்க்கக் கைபேசியைத் திறக்கலாமா? வாய் மூடியிருந்தது, உள்ளே நாள் முழுக்கப் பஞ்சாயத்து. இரண்டாம் நாள் சனிக்கிழமை. பக்கத்து அறைக்கு வந்த குடும்பம் இரவு பத்து மணிக்குப் பாட்டு போட்டது. பதினோரு மணிக்கு நான் போய்க் கதவைத் தட்டி, சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். மௌனம் அங்கே முடிந்தது. முகாமில் இப்படி ஒரு நிலைமை வரவே வராது. அங்கே விதிகள் கடுமையாகத் தெரிந்தாலும், நம் தலையிலிருக்கும் ஒரு பெரிய சுமையை அவை வாங்கிக்கொள்கின்றன. மணி அடித்தால் எழுகிறோம், மணி அடித்தால் சாப்பிடுகிறோம். மிச்சமுள்ள வலு முழுவதும் தியானத்துக்கே போகிறது. அதனால்தான் முதல்முறைக்குப் பத்து நாளையே சொல்கிறேன்.

ஏற்காடு தந்தது ஒன்று உண்டு, அதை முகாமில் பெறவில்லை. நடை. முகாமில் வளாகத்துக்குள் குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும்தான் நடக்கலாம். மலையில் விடிந்ததும் எஸ்டேட் சாலையில் இறங்கினேன். பங்குனி தொடக்கம், ஒரு கோடை மழை பெய்து முடிந்திருந்தது. காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகை போல மணத்தன. சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடியிலிருந்து நீர் சொட்டும் ஓசை தனித்தனியாகக் கேட்டது. ஏற்கெனவே முகாமுக்குப் போய் வந்தவருக்கு இது மிக நல்ல இடம். போவதானால் திங்கள் முதல் புதன் வரை போங்கள். மே மாதத்தையும் கோடை விழாவையும் அடியோடு தவிருங்கள்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விபாசனாவுக்குக் கட்டணம் கிடையாது. முழு முகாமையும் முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள். ஏற்காட்டில் அறை வாடகை வார இறுதியில் ஏறிவிடும். விடுமுறைதான் உண்மையான செலவு. பத்து நாள் என்றாலும், முந்தின நாள் சேர்ந்து பதினொன்றாம் நாள் காலையில்தான் வெளியே வருவோம்; பன்னிரண்டு நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு விடுமுறை கிடைக்காதவர்கள் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றத்தில் தொடங்கலாம். அங்கே தவம் என்று சொல்லும் தியானம் குறைந்த நேரம்தான், விளக்கம் எளிய தமிழில் இருக்கும். முட்டி வலியுள்ள என் அக்காவுக்கு அதுதான் பொருந்தியது.

எங்கே போனாலும் ஒரு மாதம் முன்பே தயாராகுங்கள். தினம் அரை மணி நேரம் தரையில் சம்மணம் போட்டு உட்காரப் பழகுங்கள். காப்பியைப் படிப்படியாகக் குறையுங்கள். நான் குறைக்காமல் போய் முதல் இரண்டு நாள் தலைவலியில் கழித்தேன். தளர்வான பருத்தி உடை, டார்ச், கைபேசி இல்லாத அலாரக் கடிகாரம் போதும். அவசரத்துக்கு மையத்தின் எண்ணை வீட்டில் எழுதி ஒட்டுங்கள். சர்க்கரை நோய்க்கோ மன நோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டும், மருத்துவரிடமும் முதலில் கேட்க வேண்டும். மனம் நொறுங்கியிருக்கும் காலத்தில் பத்து நாள் மௌனத்துக்குள் போவது ஆபத்து. இதில் மட்டும் யார் வற்புறுத்தினாலும் இணங்காதீர்கள்.

அக்கா மகனுக்கு அடுத்த மாத முகாமில் இடம் கிடைத்திருக்கிறது. போன ஞாயிறு எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பழகினான். சுவருக்கு அப்பால் நான்கு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. “நிறுத்தச் சொல்லட்டுமா மாமா?” என்றான். வேண்டாம் என்றேன். நாற்பது நிமிடம் கண் திறக்கவில்லை. எழுந்தபோது கால் மரத்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.