சிற்றூர்க் கலை விழாவைத் திட்டமிடக் கூகுள் ஷீட்ஸ் போதுமா?

பத்து முதல் நாற்பது குழுக்கள், ஒன்றிரண்டு மேடைகள், சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், மூன்று மாத அவகாசம். சிறிய ஊர் ஒன்றின் கலை விழா பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். இதற்கென்று தனி விழா மேலாண்மை மென்பொருள் வாங்க வேண்டியதில்லை, கூகுள் ஷீட்ஸ் என்ற விரிதாளும், அதோடு இணையும் கூகுள் ஃபார்ம்ஸ் என்ற இணையப் படிவமும் போதும் என்பதே எங்கள் தீர்ப்பு. இரண்டும் இலவசம். ஒரு கோப்பில் 1 கோடிக் கட்டங்கள் வரை கொள்ளும். எந்தச் சிற்றூர் விழாவும் அந்த எல்லையை நெருங்காது. குழுவினர் பலர் ஒரே நேரத்தில் திருத்தலாம், யார் எதை மாற்றினார்கள் என்று பின்னோக்கிப் பார்க்கலாம். ஆனால் விழாவின் ஒழுங்கு தானாக அதில் வந்துவிடாது. தவறாகக் கட்டிய தாள், நிகழ்ச்சி நடக்கும் மாலையில்தான் காலை வாரும்.

முதல் வேலை, பங்கேற்கும் குழுக்களுக்கான படிவம். குழுப் பெயர், பொறுப்பாளர் எண், மேடையேறுவோர் எண்ணிக்கை, நிகழ்ச்சியின் நீளம், எத்தனை மைக், பதிவு இசையா நேரடி இசையா, மேடையில் தீ, தண்ணீர், பொடி ஏதும் பயன்படுமா என்பவை கட்டாயக் கேள்விகள். நீளத்தைக் கேட்கும் இடத்தில் எண் மட்டுமே ஏற்கும்படி கட்டுப்பாடு வையுங்கள். இல்லாவிட்டால் ‘ஒரு கால் மணி நேரம் இருக்கும்’ என்றே பதில் வரும், எந்தக் கணக்கும் ஓடாது. பாட்டுக் கோப்பைப் படிவத்திலேயே பதிவேற்றச் சொல்வது வசதிதான். ஆனால் அதற்குப் பதிவேற்றுபவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். கணக்கு இல்லாத மூத்த கலைஞர்கள் படிவத்தின் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். வரும் கோப்புகள் படிவம் உருவாக்கியவரின் 15 ஜிபி இலவச இடத்தில்தான் சேரும், அந்த இடத்தை அவருடைய ஜிமெயிலும் பகிர்ந்துகொள்கிறது. படிவத்துக்கென்று மொத்தக் கோப்பு அளவு வரம்பும் உண்டு, அது நிரம்பினால் படிவம் பதில் வாங்குவதையே நிறுத்திவிடும். பாட்டுக் கோப்புகளைத் தனி வழியில் வாங்கிக்கொள்வதே நல்லது.

பதில்கள் வந்து விழும் தாளில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு பதிலும் புதிய வரிசையாகச் செருகப்படுவதால், பக்கத்தில் நீங்கள் எழுதிய ஃபார்முலா அந்த வரிசைக்கு இறங்காமல் போகலாம். தேர்வான குழுக்களை ஃபில்டர் ஃபார்முலா மூலம் வேறு தாளுக்கு இழுக்கிறவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுகிறார்கள். இழுத்து வந்த பட்டியலுக்குப் பக்கத்தில் ‘கூடுதல் நாற்காலி 4’ என்று கையால் குறிப்பு எழுதுவார்கள். மறுநாள் நடுவில் ஒரு குழு சேரும். பட்டியல் ஒரு வரிசை கீழே நகரும், குறிப்பு நகராது. நாற்காலி வேறு குழுவுக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் எண் கொடுத்து, குறிப்புகளைத் தனித் தாளில் அந்த எண்ணோடு எழுதி, எண்ணைத் தேடி அதற்குரிய குறிப்பை எடுத்துத் தரும் வீலுக்அப் (VLOOKUP) ஃபார்முலா மூலம் கொண்டுவாருங்கள்.

பெயரை வைத்துத் தேடாமல் எண்ணை வைத்துத் தேடச் சொல்வதற்குத் தமிழ்த் தட்டச்சு தரும் காரணமும் உண்டு. ‘மௌனம்’ என்பதை ஔகாரக் குறியோடு அடிக்கலாம், ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பெயருக்குப் பின்னால் விழும் ஓர் இடைவெளியும் இதே வேலையைச் செய்யும்.

ஷீட்ஸ் தன் முழு மதிப்பையும் காட்டுவது நிகழ்ச்சி நிரல் தாளில்தான். பெரும்பாலோர் தொடக்க நேரங்களை வரிசையாகத் தட்டச்சு செய்துவைக்கிறார்கள். ஒரு குழு விலகினால் மீதி அத்தனையையும் கையால் மாற்ற வேண்டும். நேரத்தை எழுதாதீர்கள், கணக்கிட வையுங்கள். விழா தொடங்கும் நேரம் ஒரே ஒரு கட்டத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு வரிசையிலும் நிகழ்ச்சி நிமிடம் ஒரு பத்தியிலும், மேடை மாற்ற நிமிடம் அடுத்த பத்தியிலும் இருக்கட்டும். ஒரு வரிசையின் தொடக்கம் என்பது, விழாத் தொடக்க நேரத்தோடு அதற்கு மேலுள்ள எல்லா நிமிடங்களின் கூட்டுத்தொகையை 1440-ஆல் வகுத்துச் சேர்த்தது. ஷீட்ஸில் ஒரு முழு நாள் 1, ஆகவே ஒரு நிமிடம் 1440-இல் ஒரு பங்கு. வகுக்காமல் 20-ஐக் கூட்டினால் 20 நிமிடம் கூடாது, 20 நாள் கூடும். கட்டத்தில் மணி மட்டும் தெரிவதால் மாலை 6:00 என்பது 6:00 ஆகவே நிற்கும், எங்கே பிழை என்று பிடிபடாது.

கூட்டலைத் தலைப்பு வரிசையிலிருந்தே தொடங்குங்கள். அங்குள்ள எழுத்தைக் கூட்டல் ஃபார்முலாவான ‘சம்’ (SUM) பொருட்படுத்தாது, தலைப்பை யாரும் நீக்கவும் மாட்டார்கள். முந்தைய வரிசையின் முடிவு நேரத்தை மட்டும் சுட்டும் சங்கிலியாகக் கட்டினால், நடுவில் ஒரு வரிசையை நீக்கியதும் அதற்குக் கீழே எல்லாம் பிழைக் குறியாகிவிடும். வரிசையை இழுத்து இடம் மாற்றும்போது இன்னொரு கவனம் தேவை. ஃபார்முலா பழைய கட்டங்களையே பிடித்துக்கொண்டு நகரும். மாற்றியவுடன் முதல் வரிசை ஃபார்முலாவைக் கடைசி வரை மறுபடி நகலெடுத்துவிடுங்கள்.

மேடை மாற்ற நிமிடங்களை நேர்மையாக எழுதுங்கள். பதிவு இசைக்கு ஆடும் குழுவை அடுத்து அதே போன்ற குழு என்றால் 3 நிமிடம் போதும். மைக் இடம் மாற வேண்டிய பாட்டு என்றால் 5. தாளக் கருவிகளும் பெருக்கிகளும் கொண்ட இசைக்குழுவுக்கு, முன்கூட்டியே சவுண்ட் செக் முடிந்திருந்தாலும் 15 நிமிடம் வேண்டும். அது முடியாதிருந்தால் 25 என்றே போடுங்கள். வரவேற்புரை, பரிசளிப்பு, விருந்தினர் உரை ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை கொடுங்கள். நிரலில் இடம் பெறாத உரைதான் விழாவை அதிகம் தாமதப்படுத்துகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிட வெற்று வரிசை வையுங்கள். கடைசியாக ஆடும் பிள்ளைகள் காலியான நாற்காலிகளுக்கு முன்னால் ஆடும் நிலை வராதிருக்க, அந்த 10 நிமிடங்களை எந்தச் சிபாரிசுக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அனுமதிகளுக்கும் முன்பதிவுகளுக்கும் இதே முறை. விழாத் தேதி ஒரு கட்டத்தில். மற்றக் கெடுக்கள் அதிலிருந்து இத்தனை நாள் கழித்தவை. தேதி தள்ளிப்போனால் எல்லாமே சேர்ந்து நகரும். தொடங்கும் முன் கோப்பின் அமைப்புகளில் நாட்டுத் தேர்வைச் சரிபாருங்கள். அது தவறாக இருந்தால் 3/4 என்பது ஏப்ரல் 3-ஆகப் பதியாமல் மார்ச் 4-ஆகப் பதியும். தொலைபேசிப் பத்தியை வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றாவிட்டால் முன்னால் வரும் சுழியம் காணாமல்போகும்.

வரவுசெலவுத் தாளில் மதிப்பீடு, ஒப்புக்கொண்டது, செலுத்தியது என மூன்று பத்திகள் தேவை. நடுப்பத்தி இல்லாதவர்கள் கையிருப்பு நிறைய இருப்பதாக நினைத்துக் கடைசி வாரத்தில் திணறுவார்கள். மின்சாரத்துக்கும் ஒரு சிறு தாள் போடலாம்: கருவி, எண்ணிக்கை, வாட், கூட்டல். 25 கேவிஏ (kVA) ஜெனரேட்டர் 0.8 திறன்காரணியில் (power factor) தருவது 20 கிலோவாட்; அதிலும் 16-ஐத் தாண்டாமல் சுமை வைப்பது பாதுகாப்பு.

பகிர்வதில்தான் கவனக்குறைவு அதிகம். சுட்டி கிடைத்தவர் யாரும் பார்க்கலாம் என்று கோப்பைத் திறந்துவிட்டுத் தொலைபேசி எண்கள் உள்ள தாளை மறைத்துவைப்பது பாதுகாப்பல்ல. கோப்பை நகலெடுக்கிற எவரும் அதை வெளியே கொண்டுவரலாம். பொதுமக்களுக்கான நிரலை வேறு கோப்பாக உருவாக்கி, தேவையான பத்திகளை மட்டும், வேறு கோப்பிலிருந்து தரவை இழுக்கும் இம்போர்ட்ரேஞ்ச் (IMPORTRANGE) ஃபார்முலா மூலம் வரவழையுங்கள். அந்தக் கோப்பைத் திருத்தும் உரிமை வெளியாருக்கு வேண்டாம். உரிமை இருந்தால் மூலக் கோப்பின் மற்றத் தாள்களையும் அதே வழியில் இழுத்துவிடலாம்.

கைப்பேசியில் ஷீட்ஸ் சுமார்தான். இரண்டு பத்திகளுக்கு மேல் உறைய வைத்தால் (திரையை நகர்த்தினாலும் நகராமல் நிறுத்தினால்) மீதியைப் பார்க்கத் திரையில் இடமே இருக்காது. கூட்டம் சேர்ந்த மைதானத்தில் இணையம் திணறும் என்பதால், மேடை மேலாளர், ஒலி அமைப்பாளர், தொகுப்பாளர் மூவரும் தங்கள் கைப்பேசியில் கோப்பை ஆஃப்லைனில் கிடைக்கும்படி முன்தினமே குறித்துக்கொள்ள வேண்டும். அச்சுப் பிரதியும் அவசியம். ஏ4 படுக்கைவாக்கு, அகலத்துக்குப் பொருத்து, உறைந்த வரிசைகளை ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிடு என்ற மூன்று தேர்வுகளும் அச்சுப் பகுதியிலேயே உள்ளன. ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்ட தேதியும் மணியும் இருக்கட்டும். பழைய பிரதியும் புதியதும் ஒரே மேடையில் உலவினால் தொகுப்பாளர் ஒரு பெயரை அழைப்பார், திரைக்குப் பின்னால் வேறு குழு நிற்கும். விழா தொடங்கியபின் திருத்தும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

எண்ணிட்ட இருக்கைகளுக்குச் சீட்டு விற்பதாக இருந்தால் மட்டும் ஷீட்ஸை நாடாதீர்கள். இருவர் ஒரே இருக்கையை ஒரே நேரத்தில் விற்பதை அது தடுக்காது, கடைசியாக எழுதியவரின் பெயர்தான் கட்டத்தில் நிற்கும். அந்த ஒரு வேலைக்கு, இருக்கையைச் சில நிமிடங்கள் பூட்டிவைக்கும் சீட்டு விற்பனைச் சேவையை எடுத்துக்கொண்டு, விற்றவர் பட்டியலை மட்டும் ஷீட்ஸுக்குக் கொண்டுவந்து வாசலில் சரிபார்க்கலாம்.