ரேடியோ பேனலை பவுடர் கோட்டிங் கடையில் கொடுக்கப் போகிறீர்களா? 240 டாலர் போச்சு, படித்துவிட்டுக் கொடுங்கள்

நேற்று பார்சல் வந்தது. ஆர்-390ஏ என்ற பழைய அமெரிக்க ராணுவ ரேடியோ ரிசீவரின் முகப்புப் பேனலும் இரண்டு பக்கத் தகடுகளும், எல்லாமே அலுமினியம். பழைய சாம்பல் பெயின்ட்டை உரித்துப் புதிதாக அடித்துத் தர 240 டாலர், மொத்தமும் முன்பணம். பவுடர் கோட்டிங் (பெயின்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பூசுவது) போடும் கடை, அவ்வளவுதான் சொல்வேன். சரியான முறையைக் கடைசியில் எழுதுகிறேன்.

"அலுமினியமா? தினமும் செய்கிறோம், கவலையே படாதீர்கள்." கடைக்காரரின் இந்த ஒரு பேச்சை நம்பித்தான் பணம் போனது. எந்த மருந்தில் உரிப்பீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இரும்புச் சாமான்களை ஊறப்போடும் காஸ்டிக் சோடா தொட்டியிலேயே இதையும் போட்டிருக்கிறார்கள். காஸ்டிக் இரும்பை விட்டுவிட்டுப் பெயின்ட்டை மட்டும் தின்னும். அலுமினியம் என்றால் உலோகத்தையே தின்னும். ஹைட்ரஜன் நுரைத்துக்கொண்டு வரும். கலவையில் இருக்கும் செம்பு, சிலிக்கான் போன்றவை கரையாமல் கறுப்புப் படலமாக மேலே தங்கிவிடும். அதை நைட்ரிக் அமிலத்தில் கழுவி எடுத்த பிறகுதான் அடுத்த வேலை. இங்கே திருகு ஓட்டைகளுக்குள் கறுப்பு அப்படியே இருக்கிறது, அதன் மேலேயே பவுடர். நகத்தால் கீறினால் தோல் மாதிரி உரிந்து வருகிறது.

வயிறு எரிவது எழுத்துகளைப் பார்த்துத்தான். பேனலில் செதுக்கிய எழுத்தின் விளிம்பெல்லாம் மழுங்கிவிட்டது. மிச்சமிருந்த பள்ளத்தையும் பவுடர் அடைத்துவிட்டது, இனி எழுத்து தெரிய வெள்ளை பெயின்ட் நிரப்ப இடமே இல்லை. பெயின்ட்டை மறுபடி அடிக்கலாம், போன உலோகத்தை எங்கே போய் வாங்குவது? சேஸிஸோடு (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) ஒட்டி எர்த் கிடைக்க வேண்டிய பின்பக்கத்தையும் மறைக்காமல் பூசிவைத்திருக்கிறார்கள்.

கேட்டால் முதலில், "பழைய உலோகம் சார், அப்படித்தான் இருக்கும்." அடுத்து, "அலுமினியம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே." பெட்டிக்குள் வைத்த சீட்டிலேயே எழுதியிருந்தது. அதற்கப்புறம் போனை எடுப்பதே இல்லை. 240 டாலர். கெடுத்துக் கொடுத்ததற்கு 240 டாலர்!

முறையாக எழுத இப்போது மனசில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

அலுமினியத்துக்கு ஆகும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிற ஜெல் பெயின்ட் ரிமூவர் மட்டும் வாங்குங்கள், அதையும் முதலில் மறைவான மூலையில் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டி போதும். இரும்பு நார் வேண்டவே வேண்டாம், துகள் அலுமினியத்தில் பதிந்து பின்னால் துரு காட்டும். மெல்லிய தகட்டுக்கு மணல் பிளாஸ்டிங் (மணலை வேகமாகப் பீய்ச்சி உரிப்பது) கூடாது, வளைந்துவிடும். அடியில் மஞ்சள்-பச்சையாகப் ப்ரைமர் தெரிந்தால் அது ஜிங்க் குரோமேட்டாக இருக்கலாம், புற்றுநோய் தரும் சரக்கு. உலர்வாகத் தேய்க்காதீர்கள், ஈரமாக, மாஸ்க்கோடு, கையுறையோடு. சுத்தம் செய்த அன்றைக்கே எட்ச் ப்ரைமர் (உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள். வெளியில் கொடுத்தால் என்ன மருந்து, எந்தெந்த இடத்தை மறைப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். முன்பணம் முழுசாகக் கொடுக்காதீர்கள்.