நாய்க்கு ஈரல் கோளாறா? 'டானிக்' கொடுத்து அனுப்பினால் உஷார்

எங்கள் நாய் முறுக்குக்கு 9 வயது, மினியேச்சர் ஷ்னாவ்சர், சிங்கப்பூரில் செங்காங் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில்தான் வளர்கிறான். போன மாதம் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான், அப்புறம் வாந்தி. பக்கத்து கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து ஏஎல்டி, ஏஎல்பி என்ற ஈரல் என்சைம்கள் இரண்டும் ஏறியிருக்கு, கொழுப்பு எதாவது போட்டிருப்பீங்க என்று சொல்லி (அவன் தின்றது வெறும் கோழியும் சோறும்!) ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்கும் ஒரு டானிக்கும் கொடுத்தார்கள். பாட்டிலில் மருந்தின் பெயரே இல்லை. 'லிவர், காலை 1, மாலை 1' என்று பேனாவில் எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

மருந்து உள்ளே போகும்வரை தேறுவான், நிறுத்தினால் மறுபடி விழுவான். மூன்று தடவை இதே கதை, 640 வெள்ளி போச்சு. ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், வயசாயிடுச்சு என்றார் அந்த கிளினிக் டாக்டர்.

ஒரு காலை என் மாமியார்தான் அவன் காதைத் திருப்பி, "என்னடா இது, உள்ளே மஞ்சள் பூசின மாதிரி இருக்கு" என்றார். பேப்பரில் போயிருந்த சிறுநீர் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) நிறத்தில் இருந்தது.

வேறு மருத்துவமனைக்கு ஓடினோம். அல்ட்ராசவுண்டில் பித்தப்பைச் சுவர் தடித்து, உள்ளே சேறு மாதிரி படிந்திருந்தது. ரத்தம் ஒழுங்காக உறைகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு, ஸ்கேனைப் பார்த்தபடியே ஊசியால் பித்தநீரை எடுத்து கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) அனுப்பினார்கள். காய்ச்சலோடு காமாலை, எலிக்காய்ச்சலாக இருந்தால் நமக்கும் தொற்றும் என்று அதற்கும் ஒரு டெஸ்ட், நல்லவேளை இல்லை. முதல் கிளினிக் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கல்ச்சரில் வந்தது ஈ.கோலி. மூன்று தடவை கொடுத்த அதே ஆன்டிபயாட்டிக்குக்கு அது அசைந்தே கொடுக்காது என்று ரிப்போர்ட்டில் இருந்தது. அப்போ தேறினானே என்றேன். ஊசியில் போட்ட வாந்தி மருந்தும் சலைனும் செய்த வேலையாக இருக்கும் என்றார் புது டாக்டர். குடலில் இருக்கும் கிருமி பித்தக் குழாய் வழியாக மேலே ஏறுமாம். ரத்த டெஸ்ட் ஈரல் கஷ்டப்படுகிறது என்று காட்டும், எந்தக் கிருமி என்று காட்டாது. முடிந்தால் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே பித்தநீரை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்ச்சரில் ஒன்றுமே வளராமல் போகலாம். பித்தநீர் இளகி ஓட உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் கொடுப்பதென்றாலும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் கொடுக்கக்கூடாதாம். பித்தப்பைக்குள் பித்தநீர் ஜெல்லி மாதிரி இறுகிப்போயிருந்தால் பெரும்பாலும் ஆபரேஷன்தான், விட்டால் பை வெடித்துவிடலாம்.

இப்போது ஆறு வார மருந்து, நடுவில் மறுபடி ஸ்கேன். முறுக்கு நேற்று அரைக் கிண்ணம் சோறு தின்றான்.

பழைய கிளினிக்கில் அந்தப் பெயரில்லாத பாட்டிலில் என்ன இருந்தது என்று எழுதிக் கேட்டேன். நாலு நாள் கழித்து பில் நகலை மட்டும் அனுப்பினார்கள், அதிலும் 'டானிக்' என்றுதான் இருக்கிறது.